பரந்தனில் ஓர் அரிசி ஆலை: எந்த நாட்டுக் கம்பனி ஒழுங்கு நமக்குப் பொருந்தும்?

வன்னியில் இன்று பத்துப் பேர் சேர்ந்து தொழில் தொடங்கப் பேசினால் அந்தப் பேச்சு கிளிநொச்சியோடு முடிவதில்லை. பணம் போடக்கூடியவர்களில் ஒருவர் லண்டனில் இருப்பார், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் ஸ்ருட்கார்ட்டில், ஒருவர் ஒஸ்லோவில். தாங்கள் வாழும் நாட்டில் கண்ட ஒழுங்கையே ஒவ்வொருவரும் சிபாரிசு செய்வார்கள். அதில் பிழையில்லை. வருடக்கணக்கில் வேலை செய்து, வரி கட்டி, நம்பிக்கை வந்த இடம் அது. ஊரில் இருக்கும் பெரியவர்களோ "சங்கமாப் பதிவம்" என்பார்கள். கடைசியில் எதைப் பதிவது, எங்கே பதிவது என்ற இழுபறியிலேயே ஒரு போகம் கழிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரர் எழுபது பேருக்கு மேல். வெளிநாட்டு உறவினர் பதினைந்து பேரளவில். நெல்லை அவித்து, குத்தி, பொதி செய்து விற்க ஓர் ஆலை போடுவதுதான் திட்டம். சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை என்பதால் "எந்த வழி நல்லது, ஒப்பிட்டுச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். கச்சான் பதனிடுவதற்கும் பால் சேகரிப்புக்கும் இதே கேள்வியோடு நிற்பவர்களுக்கும் இது உதவும்.

எந்த நாட்டுச் சட்டம் சிறந்தது என்று தொடங்கினால் பேச்சு எங்கும் போகாது. நான் எல்லா வழியையும் ஒரே கேள்வியால்தான் அளந்து பார்த்தேன். ஆலையை நடத்துபவர் பிழையாக நடந்தால் அதை முதலில் காணக்கூடியவர் யார், கண்டவருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் உண்டா?

தராசடியில் நடப்பது

காலபோக அறுவடை நேரம் வயலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வெட்டு மெசின் இறங்கிய அன்றைக்கே வரம்பருகில் வியாபாரியின் லொறி நிற்கும். காயப்போடத் தளம் இல்லாதவர், கடனுக்கு உரம் எடுத்தவர், ஈர நெல்லை அங்கேயே விற்றுவிடுகிறார். ஈரம், பதர், சாக்குப் பாரம் என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள், சில இடங்களில் அதற்கு மேலும். அந்த நெல் பொலனறுவை ஆலைகளுக்குப் போய் அரிசியாகி, அழகான பையில் பரந்தன் சந்திக் கடைக்கே திரும்பி வருகிறது. நமக்கென்று ஆலை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது இங்கேதான்.

சரி, நம்முடைய ஆலை வந்துவிட்டது என்று வைப்போம். ஒரு போகத்தில் 3,000 மூட்டை வாங்குகிறது. தராசடியில் நிற்பவர் பழைய பழக்கத்தில் மூட்டைக்கு 2 கிலோ கழித்தால் அது 6,000 கிலோ நெல். கணக்குக் கொப்பியில் அது எங்கே பதியப்படும்? பதியப்படாவிட்டால் யாருடைய களஞ்சியத்துக்குப் போகும்? முகாமையாளரின் தம்பியிடம் இரண்டு லொறி இருக்கிறது, ஏற்றுக்கூலி அவருக்கே போகிறது. பணிப்பாளர் ஒருவர் தானே நெல் வியாபாரி, சந்தையில் விலை குறைந்த நாளில் வாங்கி வைத்ததை விலை கூடிய நாளில் ஆலைக்கு விற்கிறார். இவை ஒவ்வொன்றையும் நான் எழுதிய கொப்பிகளில் ஏதோ ஒரு வடிவில் கண்டிருக்கிறேன். இப்படி நடந்துகொள்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நல்லவரும் மெல்ல மெல்ல அப்படித்தான் நடந்துகொள்வார்.

குழுவின் கூட்டத்தில் ஒரு மூத்த கமக்காரர் கேட்ட கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. "தம்பி, ஆர் முதலாளி எண்டதை விடு. என்ரை நெல்லை நிறுக்கேக்கை பக்கத்திலை நிண்டு பாக்கிறது ஆர்?" உலகம் முழுக்கக் கம்பனி ஆளுகை என்று பேசப்படும் விசயமும் இதேதான். பணம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்று ஆகும்போது நடுவில் யார் நிற்பது என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது.

லண்டனில் பதிந்தால்

வெளிநாட்டு உறவுகளில் பெரும்பாலானோர் விரும்புவது இதைத்தான். பிரித்தானியக் கம்பனி ஒன்று, அதன் கீழ் இலங்கையில் ஒரு கிளைக் கம்பனி. காரணமும் வலுவானது. கம்பனி ஆளுகைக்கு எழுத்து வடிவம் கொடுத்த முதல் நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. 1992இல் கட்பரி குழுவின் அறிக்கை வந்தது. தலைவரும் முதன்மை நிறைவேற்று அதிகாரியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, நிர்வாகத்தில் இல்லாத பணிப்பாளர்கள் கணக்காய்வைப் பார்க்கவேண்டும் என்பவை அதன் முக்கியமான வழிகாட்டல்கள். விதியைப் பின்பற்று, பின்பற்றாவிட்டால் ஏன் என்று பங்குதாரருக்கு விளக்கு என்ற முறை அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவியது. பத்திரிகை முதலாளி ரொபேர்ட் மக்ஸ்வெல் 1991இல் இறந்தபின், அவருடைய கம்பனித் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் 40 கோடி பவுணுக்கு மேல் காணாமற்போனது தெரியவந்தது. அந்தச் சூடு ஆறாத காலத்தில் வந்த அறிக்கை அது.

ஆனால் அந்த விதிகள் பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பனிகளுக்கானவை. எங்கள் ஆலை அளவிலான ஒரு கம்பனி அங்கே பதிந்தால் என்ன கிடைக்கும்? ஒரு பெரிய நன்மை உண்டு. கம்பனிப் பதிவகத்தில் தாக்கல் செய்த கணக்கை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முரசுமோட்டையில் இருக்கும் ஒருவர் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம். இலங்கையில் தனியார் கம்பனியின் கணக்கு அப்படிப் பொதுப்பார்வைக்கு வருவதில்லை. மறுபக்கத்தில், அங்கே சிறிய கம்பனிகளுக்குக் கணக்காய்வே கட்டாயமில்லை. வருட விற்பனை, சொத்து, ஆட்கள் என்ற மூன்று அளவுகளில் இரண்டுக்குள் அடங்கினால் போதும். விற்பனை எல்லை 2025 சித்திரையில் 1 கோடியே 50 இலட்சம் பவுணாக உயர்த்தப்பட்டது. பத்து வீதப் பங்கு உள்ளவர்கள் கேட்டால்தான் கணக்காய்வு நடக்கும். இலங்கைச் சட்டமோ எந்தக் கம்பனியும் கணக்காய்வாளரை நியமிக்கவேண்டும் என்கிறது. அதாவது, நம்முடைய அளவுக்கு இலங்கைச் சட்டம் இந்த ஓர் இடத்தில் பிரித்தானியாவைவிட இறுக்கமானது. லண்டனில் பதிந்தால் ஒருவரும் ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கையோடு இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சமூக நலன் கம்பனி என்று 2005இலிருந்து அங்கே ஒரு வகை இருக்கிறது. சொத்து பூட்டப்பட்டிருக்கும், தனியாருக்குப் பிரித்துக்கொடுக்க முடியாது. பங்கிலாபமும் பகிரத்தக்க இலாபத்தின் 35 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. தானமாகப் பணம் சேர்ப்பவர்களுக்கு இது நல்ல வடிவம். எங்கள் குழுவில் வெளிநாட்டு உறவுகள் போடுவது முதலீடு, தங்கள் பிள்ளைகளுக்கும் ஏதாவது வரவேண்டும் என்று நினைக்கிறார்கள். அது நியாயமான நினைப்பு. ஆகவே இந்த வடிவம் பொருந்தாது.

எனக்கு இந்த வழியில் உள்ள பெரிய குறை வேறு. முதலாளிக் கம்பனி லண்டனில் இருந்தால் பொதுக்கூட்டமும் அங்கேயே, ஆங்கிலத்திலேயே நடக்கும். நெல் கொடுப்பவர் அங்கே போய்க் கேள்வி கேட்கமாட்டார். தராசடியில் பிழையைக் காணக்கூடியவரும் அதைத் தடுத்து நிறுத்தக்கூடியவரும் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பிரிந்துவிடுவார்கள்.

ஜேர்மனிக்காரரின் இரண்டு மாடி

ஜேர்மனியில் பெரிய கம்பனிகளுக்கு இரண்டு சபைகள். ஒன்று நிர்வாகத்தை நடத்தும், மற்றது மேற்பார்வை செய்யும். ஒரே ஆள் இரண்டிலும் இருக்கமுடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பனியில் மேற்பார்வைச் சபையின் பாதி தொழிலாளர் பக்கத்தினர். 500 பேருக்கு மேலென்றால் மூன்றிலொரு பங்கு. தொழிற்சாலையில் மெசினடியில் நிற்பவருக்கு முதலாளியைக் கேள்வி கேட்கும் கதிரையை அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது.

அப்படியும் 2015இல் வொல்க்ஸ்வாகன் அகப்பட்டது. ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் டீசல் வாகனங்களில், பரிசோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் இருந்தது. அதன் மேற்பார்வைச் சபையில் தொழிலாளர் இருந்தார்கள், மாநில அரசு இருந்தது, முதலாளிக் குடும்பம் இருந்தது. 2020இல் வயர்காட் என்ற பணப்பரிமாற்றக் கம்பனியின் கணக்கில் இருந்த 190 கோடி யூரோவைக் காணவில்லை. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் அங்கே இல்லை. அதற்கு முந்திய வருடம் அந்தக் கம்பனியைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்கள்மீதே ஜேர்மன் நிதிக் கண்காணிப்பு அமைப்பு முறைப்பாடு செய்திருந்தது. கேள்வி கேட்டவரைத் தடுத்ததால் உண்மை வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது.

இரண்டு சபை என்ற ஏற்பாட்டை நான் அதனால் தள்ளிவிடவில்லை. நடத்துபவர் வேறு, பார்ப்பவர் வேறு என்பது வன்னிக்கு மிகவும் தேவையான பாடம். இங்கே தலைவர், பொருளாளர், முகாமையாளர் மூவரும் ஒரே வீட்டிலிருந்து வருவது சாதாரணம். ஆனால் மேற்பார்வைக் குழு என்று ஐந்து பெயரை எழுதிவைப்பதால் ஒன்றும் ஆகாது. முன்னறிவித்தல் இல்லாமல் களஞ்சியத்தைத் திறந்து மூட்டை எண்ணவும், வங்கிக் கூற்றை நேரடியாக வங்கியிலிருந்தே பெறவும் அந்த ஐவருக்கு எழுத்தில் உரிமை இருக்கவேண்டும். வயர்காட் விசயத்திலும் வங்கியிடம் நேரே கேட்டு உறுதிப்படுத்தாமல் மற்றவர் காட்டிய தாளை நம்பியதுதான் நடந்தது.

ஜேர்மனியிலிருந்து எடுக்கவேண்டிய இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு கணக்காய்வுச் சம்மேளனத்தில் அங்கத்துவம் பெறவேண்டும். கணக்குப் பார்க்க அந்தச் சம்மேளனம்தான் வரும், சங்கம் தனக்குப் பிடித்த ஒருவரைத் தெரிவுசெய்ய முடியாது. 1864இல் ரைபைசன் என்பவர் கிராமத்துக் கடன் சங்கத்தைத் தொடங்கிய நாட்டில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

சங்கமாகப் பதிந்தால்

ரைபைசனின் கருத்து இந்தியா வழியாக இலங்கைக்கும் வந்தது. இங்கே கூட்டுறவுக்கு முதல் சட்டம் 1911இல். ஐக்கிய நாணய சங்கம் என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. போர்க்காலத்தில் வன்னிக்குள் உலருணவு நிவாரணம் வீடுவீடாய்ப் போய்ச் சேர்ந்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமாகத்தான். ஒரு ஏக்கர் உள்ளவருக்கும் பத்து ஏக்கர் உள்ளவருக்கும் ஒரே வாக்கு என்பது நம் மக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஒழுங்கு.

இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்தைப் பாருங்கள். குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. சிறுபோகத்துக்கு எல்லாவற்றுக்கும் நீர் காணாது. அரசாங்க அதிபரின் தலைமையில், நீர்ப்பாசன அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து, இவ்வளவு நீருக்கு இவ்வளவு ஏக்கர், அதில் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று முடிவெடுக்கிறார்கள். சண்டை வரும், குறை வரும். ஆனால் எல்லோருக்கும் முன்னால் எண்ணைச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் பங்கிடுவதால் முடிவு பெரும்பாலும் நிற்கிறது. கம்பனி ஆளுகை பற்றிப் பேச நாம் ஒன்றும் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கூட்டுறவின் குறைகளும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கூட்டுறவுத் திணைக்களத்தின் பிடி இறுக்கமானது, கட்சிக்காரரின் கை எளிதாக நுழையும், கணக்காய்வு பிந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய தொகை போடுபவருக்கும் ஆயிரம் ரூபா போட்டவருக்கும் ஒரே வாக்கு என்றால் கடல் கடந்து பணம் வராது. கொதிகலனும் உலர்த்தியும் நிறம்பிரிக்கும் மெசினும் வாங்கும் தொகையை அங்கத்துவப் பங்குப் பணத்தில் திரட்டமுடியாது.

இந்தியாவின் உற்பத்தியாளர் கம்பனி

இந்தச் சிக்கலுக்கு இந்தியா 2002இல் ஒரு வழி கண்டது. கம்பனிச் சட்டத்துக்குள்ளேயே உற்பத்தியாளர் கம்பனி என்ற புதிய வகையைச் சேர்த்தார்கள். பத்து உற்பத்தியாளர் இருந்தால் தொடங்கலாம், மேல் எல்லை இல்லை. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பணிப்பாளர் 5 பேரிலிருந்து 15 பேர் வரை. இலாபத்தைப் பங்குக்கேற்பப் பிரிப்பதைவிட, யார் எவ்வளவு விளைபொருள் கொடுத்தார்களோ அந்த அளவுக்கு ஊக்கத்தொகையாகக் கொடுப்பதற்கே அதில் முதலிடம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. நூறு மூட்டை கொடுத்தவருக்கு நூறு மூட்டைக்கான மிச்சம் திரும்பி வந்தால், அவர் நெல்லை வரம்படி லொறிக்கு விற்கமாட்டார்.

இலங்கையில் அப்படி ஒரு வகை இல்லை. ஆனால் அந்தக் கொள்கையை நம்முடைய கம்பனியின் அமைப்பு விதிகளில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இந்தியா என்றதும் சத்யத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் சொந்தக்காரருக்கே காசு போகும் அந்த ஏற்றுக்கூலிக் கதை அங்கேதான் மிகப் பெரிதாக நடந்தது. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008 மார்கழியில், தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மேட்டாஸ் கம்பனிகளை 160 கோடி டொலருக்கு வாங்க முடிவெடுத்தது. சபையில் ஹார்வார்ட் பேராசிரியர் உட்பட மதிப்புமிக்க சுயாதீனப் பணிப்பாளர்கள் இருந்தார்கள். ஒப்புதல் கொடுத்தார்கள். பங்குதாரர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்துக்குள் அது கைவிடப்பட்டது. அடுத்த மாதம், 2009 தை 7ஆம் நாள், கணக்கில் ஏறக்குறைய 7,000 கோடி இந்திய ரூபாவுக்குப் பொய் எழுதியதாக ராஜுவே கடிதம் கொடுத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் நல்ல ஆளுகைக்கென்று அந்தக் கம்பனி விருது வாங்கியிருந்தது. சபையில் பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து, கொழும்பிலிருந்து ஒரு கலாநிதியைத் தலைவராக்குவோம் என்பவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டவேண்டியிருக்கிறது.

கனடாவிலிருந்து ஒருவர் நல்ல மனத்தோடு இன்னொரு யோசனை சொன்னார். இந்தியாவில் பெரிய கம்பனிகள் இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, நாமும் எழுதுவோம் என்றார். நான் வேண்டாம் என்றேன். நெல்லைச் சரியாக நிறுத்து, உரிய நாளில் காசு கொடுத்தால் அதைவிடப் பெரிய சமூகப் பணி அந்த ஆலைக்கு இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தளபாடம் கொடுக்கும் படம் முகநூலில் வரும்போது தராசடியை மறந்துவிடுகிறோம்.

தேத்தண்ணிக் காசு

உறவினர்கள் பேசத் தயங்கிய விசயம் இது. அனுமதி ஒன்று எடுக்கவேண்டும். கோப்பு மேசையில் கிடக்கிறது. "ஏதும் பாத்துச் செய்யுங்கோ" என்று ஒருவர் சொல்கிறார். ஐயாயிரம் கொடுத்தால் நாளைக்கே முடியும், கொடுக்காவிட்டால் இரண்டு மாதம். கணக்குக் கொப்பியில் அது "இதர செலவு" ஆகிவிடும்.

நாடுகள் இதில் ஒன்றுபோல நிற்கவில்லை. வெளிநாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிய முதல் நாடு அமெரிக்கா, 1977இல். ஆனால் அந்தச் சட்டம் வழமையான வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு விலக்கு வைத்திருக்கிறது. கனடாவிலும் அந்த விலக்கு இருந்தது, 2017இல் எடுத்துவிட்டார்கள். ஜேர்மனியில் 1999 வரை வெளிநாட்டில் கொடுத்த இலஞ்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்டவே முடிந்தது. அங்கே வளர்ந்த பழக்கத்தின் விலையை ஜேர்மன் கம்பனியான சீமென்ஸ் 2008இல் 160 கோடி டொலர் அளவில் கட்டியது.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் சிறு தொகைக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. கம்பனிக்காக வேலை செய்யும் ஒருவர் இலஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாத கம்பனியே குற்றவாளி. பிரித்தானியக் குடியுரிமையோடு அங்கே இருப்பவர் உலகின் எந்த மூலையில் கொடுத்தாலும், கொடுக்கச் சொன்னாலும், அந்தச் சட்டம் அவரைத் தொடும், பத்து வருடம் வரை சிறை. லண்டன் மருமகன் கிளிநொச்சிக் கம்பனியின் பணிப்பாளராக இருந்து, "சரி, குடுத்து முடியுங்கோ" என்று வட்ஸ்அப்பில் எழுதினால் அந்த ஒரு வரியே அவருக்கு எதிரான சாட்சி. இலங்கையிலும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் குற்றவாளிகள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அதன்படி, ஆலையின் கொள்வனவு முகாமையாளர் சாக்கு விற்பவரிடம் தனக்கென்று வாங்கும் கொமிசனும் இனிச் சும்மா விசயம் இல்லை.

இந்த இடத்தில் பிரித்தானிய விதியை அப்படியே எடுக்கச் சொன்னேன். பற்றுச்சீட்டு இல்லாத எந்தக் கொடுப்பனவும் இல்லை. ஒரு கோப்பு பிந்தினால் எந்த நாள், எந்தக் கிளை, என்ன பதில் என்று ஒரு கொப்பியில் எழுதி, மாதக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். இரண்டு மாதம் பிந்தும் என்பது உண்மை. அந்த இரண்டு மாதத்தையும் திட்டத்தின் கால அட்டவணையிலேயே போடவேண்டும். பிந்துவதற்கு இடம் வைக்காத திட்டம்தான் கடைசியில் காசு கொடுத்து வேலையை முடிக்கத் தள்ளும்.

நோர்வேயிலிருந்து ஒன்று

பொதுக் கம்பனிகளின் சபையில் 40 வீதமாவது பெண்கள் இருக்கவேண்டும் என்று 2003இல் சட்டம் செய்த நாடு நோர்வே. 2008இலிருந்து, பின்பற்றாத கம்பனியைக் கலைக்கவும் முடியும். 30 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் தங்களில் ஒருவரைச் சபைக்குத் தெரிவுசெய்யலாம். வன்னியில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். வயலையும் கடனையும் சுமப்பவர்கள் அவர்கள். நெல் அவிக்கும் இடத்திலும் பொதி கட்டும் மேசையிலும் நிற்கப்போவதும் பெண்கள்தான். மேற்பார்வைக் குழு ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கவேண்டும் என்று நான் சொன்னது இரக்கத்தில் அல்ல. மாதர் சங்கக் கொப்பியில் ஐம்பது ரூபா பிசகினாலும் அன்றைக்கே கேட்டுத் தீர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சிபாரிசு செய்த வழி

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இங்கேயே ஒரு தனியார் கம்பனி. அந்தச் சட்டத்தைப் பலர் குறைவாக மதிக்கிறார்கள். பணிப்பாளர் தனக்குச் சம்பந்தமுள்ள கொடுக்கல் வாங்கலை வெளிப்படுத்திப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்கிறது. கடன் கட்ட வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் இலாபம் பிரிக்கக்கூடாது என்கிறது. தேறிய சொத்து மூலதனத்தின் பாதிக்குக் கீழ் போனால் பங்குதாரரைக் கூட்டிச் சொல்லவேண்டும் என்கிறது. பெரும்பான்மையின் நெருக்குதலுக்கு எதிராகச் சிறுபான்மைப் பங்குதாரர் நீதிமன்றம் போகவும் வழி வைத்திருக்கிறது. எழுத்தில் குறை அதிகமில்லை, கேட்பார் இல்லாததே குறை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எல்லாப் பங்குதாரரும் ஒருமித்து எழுதிக் கையெழுத்திட்டால் இவற்றில் சில பாதுகாப்புகளைத் தள்ளிவைக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது. வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று கமக்காரருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தனியார் கம்பனியில் ஊழியர் தவிர்ந்த பங்குதாரர் 50 பேருக்கு மேல் இருக்கமுடியாது. நம்மிடம் எண்பத்தைந்து பேர். ஆகவே கமக்காரர் முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அந்தச் சங்கம் கம்பனியில் ஒரே பங்குதாரராக 51 வீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கட்டும். சங்கத்துக்குள் ஆளுக்கு ஒரு வாக்கு, கம்பனியில் பணத்துக்கேற்ற பங்கு. கூட்டுறவுப் பணத்தைக் கம்பனிப் பங்கில் போடுவதற்குத் திணைக்களத்தின் அனுமதியை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும். அது கிடைக்காவிட்டால் முழு ஏற்பாட்டையும் மாற்றவேண்டிவரும்.

51 வீதத்துக்கு இன்னொரு காரணம் காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்கு வெளிநாட்டவரிடம் உள்ள கம்பனி உறுதிக் காணியைச் சொந்தமாக வாங்கமுடியாது. கனடிய, பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்த நம் உறவுகள், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்கள். அப்புறம், கிளிநொச்சியில் நிறையக் காணிகள் 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகள். "என்ரை காணியிலை ஆலையைப் போடுங்கோ" என்று ஒருவர் மனமுவந்து சொன்னாலும், பிரதேச செயலகத்தில் கேட்காமல் அதைக் கம்பனிக்கு எழுதமுடியாது. கட்டிடம் எழும்பியபின் இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

அமைப்பு விதிகளில் எழுதச் சொன்னவை இவை. நடத்தும் பணிப்பாளர் மூவர், பார்க்கும் குழு ஐவர், ஒரு குடும்பத்திலிருந்து இரண்டிலும் ஆள் இருக்கக்கூடாது. பணிப்பாளரோ அவருடைய நெருங்கிய உறவினரோ ஆலைக்கு எதை விற்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மற்றவர்கள் தீர்மானிக்கவேண்டும், அவர் அந்த நேரம் வெளியே போகவேண்டும். ஈரப்பதன் மானி காட்டும் எண்ணும் கழித்த கிலோவும் நெல் கொடுத்தவரின் துண்டிலேயே எழுதப்படவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு தமிழில், தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்படவேண்டும், அதே தாள் வெளிநாட்டுப் பங்குதாரருக்கும் போகவேண்டும். மிச்ச இலாபத்தில் ஒரு பகுதி கொடுத்த மூட்டைக்கேற்பத் திரும்பிவரவேண்டும்.

இதில் எது பேரம்பேச முடியாதது என்று ஒஸ்லோவில் இருப்பவர் கேட்டார். துண்டும் சுவர்த் தாளும் என்றேன். மற்றவற்றைப் பின்னர் திருத்தலாம்.

பணம் அனுப்பும் வழியை மட்டும் இப்போதே பிழையில்லாமல் செய்யவேண்டும். இங்குள்ள மாமாவின் சேமிப்புக் கணக்குக்கு வரும் காசு பங்கா, கடனா, அன்பளிப்பா என்று மூன்று வருடத்துக்குப் பிறகு எந்தக் கணக்காய்வாளராலும் சொல்லமுடியாது. வெளிநாட்டு முதலீட்டுக்கென்று வங்கிகளில் உள்முக முதலீட்டுக் கணக்கு இருக்கிறது. அதன் வழியாக வந்து கம்பனியின் கணக்கில் விழுந்தால்தான் பங்குச் சான்றிதழும் சரியாக வரும், நாளைக்கு இலாபத்தையோ முதலையோ திருப்பி அனுப்புவதும் சுலபம். கம்பனி பதிவாகி வங்கிக் கணக்குத் திறக்கும்வரை ஒருவரும் ஒரு சதமும் அனுப்பவேண்டாம் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அமைப்பு விதிகளின் வரைவு இப்போது சட்டத்தரணியிடம் இருக்கிறது.